மின்சார காரில் தினமும் வேலைக்குப் போவதும் வீட்டிலேயே சார்ஜ் போடுவதும்: முழுமையான வழிகாட்டி

மின்சார கார் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "வீட்டுக்கு எந்த சார்ஜர் போடலாம்?" என்பதாக இருக்கிறது. அது நாலாவதாக வர வேண்டிய கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், வண்டி இரவில் எத்தனை மணி நேரம் வீட்டில் நிற்கிறது, நிற்கிற இடம் வரைக்கும் ஒயரிங் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். அதற்கு விடை கிடைத்துவிட்டால் சார்ஜர் தானாக முடிவாகிவிடும், அதுவும் நீங்கள் நினைத்ததைவிடச் சின்னதாகத்தான் முடிவாகும்.

முதலில் கணக்கு

ஒரு வாரம் ஓடோமீட்டரைப் பார்த்து எழுதுங்கள். வேலைக்குப் போய் வருவது மட்டும் போதாது, வழியில் பிள்ளைகளை இறக்கிவிடுவது, மாலையில் கடைக்குப் போவது எல்லாம் சேர்த்து. சராசரியைவிட அந்த வாரத்தில் அதிகம் ஓடிய நாள் எது என்பதைத்தான் கவனிக்க வேண்டும், ஏனென்றால் திட்டம் அந்த நாளைத் தாங்க வேண்டும்.

சின்ன காரோ நடுத்தர காரோ 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 13 முதல் 16 யூனிட் இழுக்கும், பெரிய எஸ்யூவி என்றால் 18, 20 என்று போகும். 15 என்று வைத்துக்கொள்வோம். தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 7.5 யூனிட் வேண்டும். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரம் முழுவதும் பேட்டரிக்குள் போய்ச் சேருவதில்லை, சுவரிலிருந்து வரும் ஏசியை (மாறுதிசை மின்சாரம்) பேட்டரிக்கு வேண்டிய டிசியாக (நேர்திசை மின்சாரம்) மாற்றும்போதும் கேபிளிலும் காரின் சொந்த எலக்ட்ரானிக்ஸிலும் 10 முதல் 15 சதவீதம் போய்விடும். ஆக மீட்டரில் ஓடுவது சுமார் 8.5 யூனிட். (காரின் திரை காட்டும் கணக்கில் இந்த இழப்பு பெரும்பாலும் வராது. மின் கட்டணம் பார்த்துக் குழம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.)

இந்த 8.5 யூனிட்டை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.) 230 வோல்ட் இருக்கும் இடத்தில் 10 ஆம்பியர் எடுக்கும் சாதாரண சாக்கெட் 2.3 கிலோவாட் தரும், நாலு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். 16 ஆம்பியர் என்றால் 3.7 கிலோவாட், இரண்டே கால் மணி நேரம். 32 ஆம்பியர் வால்பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜிங் பெட்டி) என்றால் 7.4 கிலோவாட், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வண்டியோ இரவு முழுக்கச் சும்மா நிற்கிறது! பத்து மணி நேரம் நின்றால் அந்த 10 ஆம்பியர் சாக்கெட்டே 130 கிலோமீட்டர் அளவுக்கு ஏற்றிவிடும். 120 வோல்ட் இருக்கும் நாடுகளில் 12 ஆம்பியரில் 1.4 கிலோவாட்தான் கிடைக்கும், அதிலேயே ஒரு இரவில் 80 கிலோமீட்டர் பக்கத்தில் வரும்.

அதனால் வேகமான சார்ஜர் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. தினமும் 150 கிலோமீட்டர் ஓடுகிறவர், வீட்டில் இரண்டு மின்சார கார் வைத்திருப்பவர், இரவில் சில மணி நேரம் மட்டுமே மலிவான கட்டணம் கிடைக்கும் இடத்தில் இருப்பவர் ஆகியோருக்கு 7.4 கிலோவாட் நிஜமாகவே உதவும். மற்றவர்கள் சாதாரண வேகத்தில் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

செலவுக் கணக்கும் இதிலேயே வந்துவிடுகிறது. 50 கிலோமீட்டருக்கு 8.5 யூனிட் என்றால் 100க்கு 17, ஆக உங்கள் ஊர் யூனிட் விலையை 17ஆல் பெருக்கினால் 100 கிலோமீட்டருக்கு ஆகும் செலவு.

ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம் பற்றி ஒரே ஒரு விஷயம். நிறுவனம் அறிவிக்கும் எண் ஆய்வகச் சோதனையில் வந்தது. நெடுஞ்சாலை வேகம், குளிர், ஏசி எல்லாம் சேர்ந்தால் அதில் கால் பங்கு வரை குறையலாம், கடுங்குளிரில் இன்னும் அதிகம். உங்கள் மோசமான நாளின் ஓட்டம், காரின் உண்மையான ரேஞ்சில் பாதிக்குள் அடங்கினால் நிம்மதியாக ஓட்டலாம். பெரிய பேட்டரிக்குக் கூடுதல் பணம் கட்டும் முன் இந்தப் பாதிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கார் எவ்வளவு வாங்கும்?

சுவரில் மாட்டும் பெட்டி பேட்டரியை நேரடியாக சார்ஜ் செய்வதில்லை. ஏசியை டிசியாக மாற்றும் கருவி காருக்குள் இருக்கிறது, அதை ஆன்போர்டு சார்ஜர் என்பார்கள். அதன் திறன் 3.3 கிலோவாட் என்றால் நீங்கள் 7.4 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் 3.3தான் ஏறும். மூன்று ஃபேஸில் 11 கிலோவாட் எடுக்கும் காரை ஒரு ஃபேஸ் மட்டும் உள்ள வீட்டில் செருகினால், காரைப் பொறுத்து 3.7 அல்லது 7.4 கிலோவாட் கிடைக்கும். கையேட்டில் "அதிகபட்ச ஏசி சார்ஜிங்" என்று ஒரு வரி இருக்கும், விளம்பரத்தில் பெரிதாகப் போடும் டிசி வேகத்தை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்படியென்றால் சுவர்ப் பெட்டிக்கு என்ன வேலை? பாதுகாப்பும் பேச்சுவார்த்தையும்தான். கார் சார்ஜிங்குக்கென்றே இருக்கும் டைப் 1, டைப் 2 பிளக்குகளில் மின்சாரம் போகும் ஊசிகளோடு சிக்னலுக்கென்று தனி ஊசி உண்டு. பெட்டி அதன் வழியாக 1 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றை அனுப்பும், அந்தத் துடிப்பின் அகலத்தைப் பார்த்து எத்தனை ஆம்பியர் வரை எடுக்கலாம் என்று கார் புரிந்துகொள்ளும். காரும் தயார் என்று பதில் சொன்ன பிறகுதான் உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் இணைந்து மின்சாரம் வரும், அதுவரை பிளக் முனையில் மின்சாரம் கிடையாது. மழையில் சார்ஜ் போடலாமா என்று பயப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில்: வெளியில் வைக்க ஏற்ற பெட்டி, உடையாத பிளக் என்றால் போடலாம். தரையில் தேங்கிய தண்ணீரில் பிளக் கிடந்திருந்தால், சாக்கெட் பக்கம் நனைகிறது என்றால், போடக்கூடாது.

ஒயரிங்: காசை இங்கே செலவழியுங்கள்

இருக்கும் பணத்தை நல்ல கேபிளிலும் நல்ல எர்த்திலும் போடுங்கள், பெட்டி எளிமையாக இருந்தால் போதும். ஆப், வைஃபை, வண்ண விளக்கு எல்லாம் இல்லாமல் கார் சார்ஜ் ஆகும்.

வீட்டில் வேறெந்தச் சாதனமும் இப்படி வேலை செய்வதில்லை என்பதுதான் காரணம். வாட்டர் ஹீட்டர் கால் மணி நேரம் ஓடும், இஸ்திரிப் பெட்டி விட்டு விட்டு எடுக்கும். கார் முழு ஆம்பியரை நாலைந்து மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும், அதுவும் எல்லோரும் தூங்கும்போது. எங்காவது ஒரு திருகு லூஸாக இருந்தால் அந்த இடம் சூடாகும், சூட்டில் இன்னும் லூஸாகும், அப்புறம் கருகும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதை நீங்களே செய்ய வேண்டாம். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நல்லது.

முதலாவது, வீட்டுக்கு வரும் மொத்த லோடு. ஏசி, ஹீட்டர், மின் அடுப்பு, மோட்டார் எல்லாம் ஓடும் நேரத்தில் இன்னொரு 32 ஆம்பியர் தாங்குமா? தாங்காது என்றால் மின் இணைப்பின் லோடைக் கூட்டலாம், அல்லது காரின் ஆம்பியரைக் குறைக்கலாம், அல்லது மெயின் ஒயரில் சென்சார் மாட்டி மற்ற சாதனங்கள் ஓடும்போது தானாகக் குறைத்துக்கொள்ளும் பெட்டியை வாங்கலாம். இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை, பலருக்கும் அதுவே போதும்.

அடுத்தது தனி சர்க்யூட். மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி கேபிள், தனி எம்சிபி (ஆம்பியர் மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). ஏற்கனவே ஃபிரிட்ஜுக்கோ மோட்டாருக்கோ போகும் லைனில் தொங்கவிடக்கூடாது. 32 ஆம்பியருக்குச் செம்பு கேபிள் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர், தூரம் அதிகம் என்றாலோ சுவருக்குள் மற்ற கேபிள்களோடு நெருக்கமாகப் போகிறது என்றாலோ 10. உதாரணமாக, 30 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 32 ஆம்பியர் போனால் சுமார் 6 வோல்ட் கேபிளிலேயே இறங்கிவிடும், 190 வாட் அளவுக்கு அந்தக் கேபிள் சும்மா சூடாகிக்கொண்டிருக்கும். அதே கேபிளில் 16 ஆம்பியர் அனுப்பினால் சூடு நாலில் ஒரு பங்கு, ஏனென்றால் சூடு ஆம்பியரின் இருபடியாக ஏறும். எம்சிபியைப் பொறுத்தவரை, தொடர்ந்து 32 ஆம்பியர் எடுக்கும் லைனுக்கு 40 போடுவது வழக்கம், 32 போட்டால் வெயில் காலத்தில் காரணமில்லாமல் டிரிப் ஆகலாம். ஆனால் எம்சிபியின் ஆம்பியர் ஒருபோதும் கேபிள் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று பெரிய எம்சிபி மாட்டிவிட்டுப் போகும் ஆட்களை நம்பாதீர்கள்.

கசிவுப் பாதுகாப்பு, அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர். இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. பழைய வீடுகளில் இருக்கும் 'டைப் ஏசி' ஆர்சிசிபி மாறுதிசை மின்சாரக் கசிவை மட்டும்தான் கண்டுபிடிக்கும். காருக்குள் டிசி இருப்பதால் பழுது வந்தால் டிசி கசியலாம், அந்த டிசி ஆர்சிசிபியின் உள்ளே இருக்கும் காந்த வளையத்தை மரத்துப்போகச் செய்துவிடும், அப்புறம் நிஜமான கசிவு வந்தாலும் அது டிரிப் ஆகாது. ஆகவே பி வகை ஆர்சிசிபி வேண்டும், அல்லது பெட்டிக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டறியும் வசதி இருந்து வெளியே ஏ வகை வேண்டும். நல்ல வால்பாக்ஸ்களில் அந்த வசதி உள்ளேயே வருகிறது. வாங்கும்போது கேளுங்கள்.

கடைசியாக எர்த். செருகியதும் சார்ஜரோ காரோ எர்த் இருக்கிறதா என்று சோதிக்கும், சரியில்லை என்றால் பெட்டியிலோ கையடக்க சார்ஜரிலோ சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. இதற்குச் "சுலபமான வழி" என்று சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். விளக்கு பச்சையாகிவிடும், சார்ஜும் ஏறும். ஆனால் வீட்டில் எங்காவது நியூட்ரல் ஒயர் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க ஷாக் அடிக்கும், ஈரத் தரையில் நின்றுகொண்டு கதவைத் தொடுகிறவர் உயிரோடு இருப்பது அதிர்ஷ்டம். இதைச் செய்யவே விடாதீர்கள். எர்த் சரியில்லை என்றால் எர்த் குழியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் புதிதாகப் போடுங்கள், அளந்து காட்டச் சொல்லுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். சுருட்டி வைத்த ஒயர் நிச்சயம் வேண்டாம், சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் உருகும். சாதாரண சாக்கெட்டில்தான் போடப் போகிறீர்கள் என்றால், பழைய சாக்கெட்டைக் கழற்றிவிட்டுத் தரமான தொழில்முறை சாக்கெட் ஒன்று மாட்டுங்கள், அதற்காகும் செலவு மிகக் குறைவு.

பெட்டியை எங்கே மாட்டுவது

காரின் சார்ஜ் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது, நீங்கள் வண்டியை முன்பக்கமாக விடுவீர்களா ரிவர்ஸில் விடுவீர்களா என்று பார்த்து, கேபிள் தரையில் குறுக்கே கிடக்காத மாதிரி இடம் பாருங்கள். நேர் வெயில் படாமல் இருந்தால் நல்லது, சூடு ஏறினால் சில பெட்டிகள் தாமாகவே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வேலை ஒயரிங்கில் இல்லை, பேச்சில் இருக்கிறது. சங்கத்திடம் போகும்போது வெறும் கையோடு போகாமல், கேபிள் எந்த வழியாக வரும், எந்த மீட்டரில் ஏறும், யார் செலவு, என்ன பாதுகாப்பு என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். மற்றவர்களின் முதல் சந்தேகம் "பொது மின்சாரத்தில் ஏறிவிடுமோ" என்பதாகத்தான் இருக்கும், தனி மீட்டர் என்றதும் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். இன்னும் நாலைந்து பேர் மின்சார கார் வாங்கும் யோசனையில் இருந்தால் எல்லோருக்குமாக ஒரே தடவையில் பெரிய கேபிள் இழுத்து, லோடைப் பங்கிட்டுக்கொள்ளும் பெட்டிகள் போடுவது ஒவ்வொருவரும் தனித்தனியாக இழுப்பதைவிட மேல்.

முதல் இரவு

முதல் தடவை குறைந்த ஆம்பியரில் ஆரம்பியுங்கள், பெரும்பாலான கார்களில் திரையிலேயே குறைக்கலாம். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பிளக்கையும் சாக்கெட்டையும் எம்சிபி முகப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைத்திருக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் வாடை, பழுப்பேறிய நிறம் இதில் எது இருந்தாலும் சார்ஜை நிறுத்துங்கள். எல்லாம் சரி என்றால் ஆம்பியரைக் கூட்டி இன்னொரு முறை பாருங்கள்.

ரொம்பவும் குறைத்து 6 ஆம்பியரிலேயே தினமும் ஓட்டுவதும் லாபமில்லை. சார்ஜ் ஆகும் நேரமெல்லாம் காரின் கணினியும் பம்புகளும் விழித்திருக்கும், அதற்கே சில நூறு வாட் போகும், மெதுவாக ஏற்றினால் அந்த வீண் செலவு அதிக நேரம் நீடிக்கும். வீட்டுக் கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 6 ஆம்பியருக்குக் கீழே கார் சார்ஜ் ஆகாது, அதாவது ஒரு ஃபேஸில் குறைந்தது 1.4 கிலோவாட் உபரி வேண்டும்.

தினசரிப் பழக்கம்

பேட்டரி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த லித்தியம் பேட்டரி) என்றால் தினசரி உபயோகத்துக்கு 80 சதவீதத்தில் நிறுத்துங்கள், வெளியூர் போகும்போது மட்டும் 100, அதுவும் கிளம்புவதற்குச் சற்று முன் முடியும்படி. நிறைய சார்ஜோடு சூட்டில் பல நாள் நிற்பதுதான் இந்த வகையை வேகமாக வயதாக்கும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைக்கு வாரம் ஒருமுறையாவது 100 வரை ஏற்றச் சொல்லிப் பல தயாரிப்பாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதன் வோல்டேஜ் 20 சதவீதத்திலும் 80 சதவீதத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், எவ்வளவு மிச்சம் என்பதைக் கணினியால் வோல்டேஜை வைத்துச் சரியாகச் சொல்ல முடியாது, முழுசாக நிரம்பும்போதுதான் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் செருகிவிடுவது நல்ல பழக்கம். 20க்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, 60லிருந்து 80க்கு அடிக்கடி ஏற்றுவது பேட்டரிக்குக் கெடுதலே இல்லை. இரவுக் கட்டணம் மலிவு என்றால் டைமர் வையுங்கள், ஆனால் காரில் ஒன்று, பெட்டியில் ஒன்று என்று இரண்டு டைமர் வைத்தால் ஒன்று திறக்கும்போது மற்றது மூடியிருக்கும், காலையில் வண்டி ஏறாமல் நிற்கும். ஏதாவது ஒன்றில் மட்டும்.

கிளம்பும் முன் பிளக்கில் இருக்கும்போதே கேபினைக் குளிர்வித்தோ சூடாக்கியோ விடுங்கள். குளிர் பிரதேசத்தில் இது பெரிய வித்தியாசம், பல கார்களில் பேட்டரியும் சேர்ந்து சூடாகும், ஓடும்போது ரேஞ்ச் அவ்வளவாகக் குறையாது.

ஓட்டும்போது

தினசரிப் போக்குவரத்து நெரிசல்தான் மின்சார காருக்குப் பிடித்த இடம். நின்றால் மோட்டார் எதுவும் எடுக்காது, ஏசி மட்டும் 1 கிலோவாட் அளவில் எடுக்கும். ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் மாட்டினாலும் போவது ஆறேழு கிலோமீட்டர் ரேஞ்ச்தான். வேகம்தான் தின்னும்: காற்றைத் தள்ளும் செலவு வேகத்தின் இருபடியாக ஏறுவதால், 80ல் போகாமல் 100ல் போனால் அந்தப் பங்கு மட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 56 சதவீதம் கூடும். ரீஜெனை (காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை மெதுவாக்கி, அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும் வசதி) அதிகமாக வைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் திடுதிப்பென்று எடுக்காமல் மெல்ல விட்டுப் பழகுங்கள், இரண்டு நாள் குலுங்கும், அப்புறம் பிரேக் மிதிப்பதே அபூர்வமாகிவிடும். அதனாலேயே டிஸ்க்கில் துரு பிடிக்கும் என்பதால் எப்போதாவது பின்னால் வண்டி இல்லாத இடத்தில் பிரேக்கை நன்றாக மிதித்து விடுங்கள். டயர் காற்று குறைந்தாலும் ரேஞ்ச் குறையும், மாதம் ஒருமுறை பாருங்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்றால்

முதலில் டைமர். பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடும். அடுத்து பிளக் முழுசாக உள்ளே போயிருக்கிறதா, கார் அதைப் பூட்டியிருக்கிறதா. அப்புறம் எம்சிபி, ஆர்சிசிபி. பெட்டியை ஒருமுறை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போட்டால் பல சில்லறைக் கோளாறுகள் போய்விடும். ஆர்சிசிபி மறுபடி மறுபடி விழுந்தால் ஏற்றி ஏற்றிப் பார்க்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கசிவு நிஜமாகவே இருக்கலாம். ஜெனரேட்டரில் போட்டால் பல கார்கள் மறுக்கும், அங்கே நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது என்பதே பெரும்பாலும் காரணம். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் காரைச் செருகவே வேண்டாம்.

காரின் எல்லா விளக்கும் செத்து, கதவுகூடத் திறக்கவில்லை என்றால் பெரிய பேட்டரியைச் சந்தேகிக்காதீர்கள். பெட்ரோல் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரி இதிலும் உண்டு, அது இறங்கியிருக்கும். பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேவை இயக்குவதே அந்தச் சின்னதுதான்.

மாற்று ஏற்பாடும் பராமரிப்பும்

வீட்டில் மின்சாரம் இல்லாத ஒரு நாளுக்காக, வேலை இடத்துக்குப் போகும் வழியில் இருக்கும் இரண்டு பொது சார்ஜர்களை முன்கூட்டியே பார்த்து, அவற்றின் ஆப்பைப் போனில் போட்டு, ஒருமுறை உபயோகித்தும் பாருங்கள். டிசி சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் வேகம் படுத்துவிடும், அங்கே 100 வரை காத்திருப்பது உங்களுக்கும் நேர விரயம், பின்னால் நிற்பவருக்கும் எரிச்சல்.

பெட்டி மாட்டிய சில வாரங்களில் ஒருமுறை மெயினை அணைத்து முனைத் திருகுகள் எல்லாவற்றையும் எலக்ட்ரீஷியனிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை. ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை நீங்களே அவ்வப்போது அழுத்திப் பார்க்கலாம், அழுத்தியதும் விழ வேண்டும். விழவில்லை என்றால் அதை மாற்றும் வரை காரைச் செருகாதீர்கள்.